தனகோட்டிக்கு விழுந்த ஊசி

தனகோட்டிக்குப் புது ஊசி விழுந்தது. எனக்குப் பழைய மாத்திரை. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதாம்.

முப்பத்தொரு வருஷமாக நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டும் பெர்மனென்ட் ஆள் நான். அவன் அதே கன்வேயருக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரும் கான்ட்ராக்ட் ஆள். இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் கல்லீரலில் புற்றுநோய் வந்தது. அதில்கூட எனக்கு ஒரு குறை இருந்தது. வியாதிக்குமா ஆள் தராதரம் தெரியாது?

சென்னையில் ஒரு ஆராய்ச்சி மருத்துவமனையில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் நந்தினி பொறுமையாக விளக்கினார். பாதிப் பேருக்கு வழக்கமான மாத்திரை மட்டும். மீதிப் பேருக்கு அந்த மாத்திரையோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது ஊசி. எது நல்லது என்று தெரியாததால்தான் ஆராய்ச்சியே நடக்கிறது என்றார். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. நல்லதில்லாத ஒன்றை எதற்குக் குலுக்கிப் போட வேண்டும்?

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். மந்தாரக்குப்பத்தில் ஏறுகிறவன், ஆர்ச் கேட்டில் ஏறும் எனக்காக ஜன்னல் ஓரத்தில் துண்டு போட்டு வைத்திருப்பான். அந்த உபகாரமும் எனக்கு எரிச்சல்தான். போய்ச் சேர்ந்ததும் அவனைக் கட்டிலில் படுக்கவைத்து பாட்டிலைத் தொங்கவிடுவார்கள். நர்ஸ் வந்து வந்து பார்ப்பாள். நான் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே நாற்காலியில் காத்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து முதல் ஸ்கேன். என் கட்டி அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். குறைந்ததா என்று கேட்டேன். குறையவில்லை, ஆனால் வளரவும் இல்லை, அது நல்ல சேதி என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தனகோட்டியிடம் அவன் ஸ்கேன் எப்படி என்று கேட்டதற்கு, பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். நல்லது நடந்தால் மறைக்கத்தானே செய்வார்கள்.

மறைத்தாலும் உடம்பு காட்டிக்கொடுத்தது. மூன்றாம் மாதம் அவனுக்குத் தொப்பை போட்டுவிட்டது. சட்டைப் பட்டன்கள் இழுத்துக்கொண்டு நின்றன. எனக்கு மாத்திரையால் உள்ளங்கால் தோல் உரிந்து, பேன்ட்டை இறுக்கிக் கட்ட பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. என் மனைவி பெரியநாயகி கடைவீதியில் அவனைப் பார்த்துவிட்டு வந்து கொதித்தாள்.

"அவன் மாப்ள மாதிரி வயித்த தள்ளிக்கினு போறான். நீங்க ஒட்டடக் குச்சியா நிக்கிறீங்க. பெர்மனென்ட்டுன்னு சொல்லிக்க வெக்கமா இல்ல?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. அதைவிட, அவன் பிழைத்து நான் சாவது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

எங்கள் மைன்ஸில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் ஷிஃப்டை மாற்றிக்கொள்ளலாம். ஒரு சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்தால் முடிந்தது. குவார்ட்டர்ஸையே இப்படி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஊசி மட்டும் என்ன, ஆகாயத்திலிருந்தா வருகிறது? வெள்ளைத் தாளில் எழுதினேன். "நாங்கள் இருவரும் மனமொப்பி எங்கள் வைத்தியத்தை மாற்றிக்கொள்கிறோம்."

அடுத்த தடவை பஸ் பண்ருட்டி தாண்டியதும் அவனிடம் நீட்டினேன். ஊசியே வேண்டாம் என்றால் கட்டாயமில்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னார்களே, அதனால் அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று நானே பேசிக்கொண்டு போனேன். அவன் பேனா கேட்டான். படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அதுவும் எனக்குச் சுட்டது. நிறைய வைத்திருக்கிறவன்தான் இப்படி அலட்சியமாகக் கொடுப்பான்.

டாக்டர் நந்தினி சீட்டைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு மாற்றிக்கொண்டால் ஆராய்ச்சிக்கே அர்த்தமில்லை என்றார். உங்கள் கட்டி கட்டுப்பாட்டில் இருக்கும்போது இது எதற்கு என்று என்னைக் கடிந்துகொண்டார். அப்புறம் தனகோட்டியைப் பார்த்து, நீங்கள் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார்.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்குத்தான் அது கேக்கலீங்களே டாக்டர். பெருசாயிக்கினே போவுதுன்னு போன ஸ்கேன்லயே சொன்னீங்க. இந்த வயிறு பூரா தண்ணி, நீங்களே குத்தி எடுக்குறீங்க. இன்னொரு ஸ்கேன் பாத்துட்டு ஊசிய நிறுத்திடுவோம்னீங்க. வீணாப் போறது, அண்ணனுக்காச்சும் ஒதவட்டுமேன்னு போட்டன்."

எனக்குள் முதலில் வந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். அப்பாடா என்று இருந்தது. என்னுடையது நிற்கிறது, அவனுடையது வளர்கிறது. நான் முந்திவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. அதன் பிறகுதான் அவன் கைகளைப் பார்த்தேன். வயிற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், இத்தனை நாளாக அவன் கைகளைப் பார்க்கவே இல்லை. வெறும் எலும்பாக இருந்தன.

வெளியே வந்ததும் அவனிடம் கோபமாகத்தான் கேட்டேன். ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறோமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, என் வாயை அடைத்திருக்கலாமே என்றேன்.

தனகோட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க வூட்ல பொண்டாட்டி மாணிக்கம்மாகூட என்ன பாத்து அழுதுக்கினுதான் இருக்கா. நீங்க ஒருத்தர்தான் நான் நல்லாயிட்டன்னு நெனச்சீங்க. என்ன பாத்து யாரும் பொறாமப்பட்டதில்லண்ணே, பொறந்ததுலேர்ந்து. நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு, நர்ஸ் அவன் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனான்.