யாக்-40ஐக் கேட்ட அக்கா மகன்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டில் கிடைத்தது. உப்பு கேட்கப் போனேன். என் வீட்டில் உப்பு இருந்தது.

"மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்தச் சிறிய ஜெட் விமானம்—"

(இந்த வரியை அடித்துவிட்டேன். அந்த விமானம் ஒரு சாண் நீளம். அலமாரியைத் தாண்டிப் பறந்ததே இல்லை.)

2

எதிர்வீட்டு ஜெய்னொல்லா கஜகஸ்தானில் எங்கள் தராஸ் ஊர் விமான நிலையத்தில் முப்பது வருடம் மெக்கானிக். ஓய்வு பெற்றபின் மாதிரி விமானங்கள் சேர்க்கிறார். கடையில் வாங்கியவை நாற்பத்தொன்று. கையால் செய்தது ஒன்றே ஒன்று: யாக்-40. முப்பது பேர் ஏறுகிற குட்டி ஜெட். வாலுக்கடியிலிருந்து படி இறங்கும். அந்தப் படிக்கு மட்டும் ஒரு குளிர்காலம் ஆயிற்று. (அவர் மனைவி தவறியதும் அதே குளிர்காலத்தில்தான். கதைக்குத் தேவையில்லை, சொல்லி வைத்தேன்.)

அவர் பராமரித்த அசல் யாக்கைப் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்கள். ஆகவே அவர் நெஞ்சில்—

(இங்கே ஒரு சோக வாக்கியம் இருந்தது. அவரிடம் காட்டினேன். "எடு அதை" என்றார்.)

3

தௌரென் அவருடைய அக்கா மகன். நாற்பது வயது, அரசாங்க வேலை. எங்கள் வழக்கப்படி அக்கா தங்கை பிள்ளைகள் தாய்மாமனிடம் மூன்று முறை எதையும் கேட்கலாம். மாமன் மறுக்கக் கூடாது. தௌரென் முதலில் தோல் கோட்டைக் கேட்டு வாங்கினான். அடுத்து வேட்டை நாயை.*

நான் உப்புக்குப் போன அன்று ஜெய்னொல்லா வீட்டில் கறித்தட்டைச் சுற்றி உறவு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. எலும்பும் கையுமாக நானும்.

"மாமா, மூணாவதையும் கேட்டுடறேன். அந்த யாக்."

"உனக்கெதுக்குடா? குளிக்கிற தொட்டியில விடவா?"

"எங்க ஆபீஸ் டைரக்டருக்குப் பிறந்தநாள். விமானம்னா அவருக்கு உயிர்."

"அந்த போயிங்கை எடுத்துக்க. பெரிசா, பளபளன்னு இருக்கு."

"அதைத்தான் கடையிலேயே விக்கறானே மாமா!"

தௌரெனின் அம்மா குல்யாஷ் குறுக்கே புகுந்தாள். "குடுத்துத் தொலையேன்டா, பொம்மைதானே! அக்கா புள்ளைக்கு இல்லேன்னு சொன்னா கை நடுங்கும்பாங்க. அப்புறம் நீ எதை ஒட்டுவே, எதைப் பூசுவே?"

* நாய் இரண்டு முறை ஓடி வந்துவிட்டது. இரண்டு முறையும் ஜெய்னொல்லாவே கொண்டுபோய் விட்டார்.

4

முடிவு ஒன்று: கொடுத்துவிடுகிறார், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். (எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்கள் ஐந்து பேருக்கும் இதுதான் பிடித்தது.)

முடிவு இரண்டு: எடுக்கும்போது விமானம் கைதவறி—

(சீ. விபத்து வந்து காப்பாற்ற வேண்டுமென்றால் மனிதனுக்கு வாய் எதற்கு?)

5

நடந்தது இது.

"கோட்டைக் குடுத்தேன். நாயைக் குடுத்தேன். இதைத் தர மாட்டேன்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல, மாமா!"

"இருக்கு. மீறறேன். வேணும்னா எழுதி வெச்சுக்க. அதோ எதிர்வீட்டு ரௌஷான் எழுதத்தான் வந்திருக்கா, அவகிட்ட ஒரு நகல் வாங்கிக்க."

நான் எலும்பைக் கீழே வைத்தேன்.

அவர் தேநீர்க் கெண்டியை எடுத்தார். எங்கள் ஊரில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். நிரப்பி ஊற்றினால் கிளம்பு என்று பொருள். தௌரெனின் கிண்ணத்தில் ஊற்றினார். பாதி. முக்கால். விளிம்பு. விளிம்புக்கும் மேலே ஒரு மயிரிழை. தேநீர் மேடுகட்டி நின்றது.

ஒரு சொட்டு சிந்தவில்லை.

6

மறுநாள் குல்யாஷ் என்னைப் படிக்கட்டில் மறித்தாள். "தம்பி கடைசியில மன்னிப்புக் கேட்டான்னு எழுது. நாலு பேர் படிப்பாங்க."

மாட்டேன்.

தௌரென் அந்தத் தேநீரைக் குடித்தானா, தொடாமல் எழுந்தானா என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை நான் வெளியே சொல்லப் போவதில்லை. கிண்ணத்தை உங்கள் பக்கம் நகர்த்திவிட்டேன். சிந்தாமல் எடுத்துப் பாருங்கள்.