எலிப் பொந்தும் ஒரு தலையாட்டலும்

கால்வாய்க்கரைகளைக் காக்கும் எங்கள் நீர்வாரியத்தில் எல்லாரும் தலையாட்டும்வரை எதுவும் முடிவாகாது. ஒருவர் முகம் சுளித்தால் போதும், காபி குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பேசுவோம். மின்னஞ்சல், கோப்பு, வரைபடம் எல்லாவற்றையும் அவற்றை நடத்தும் அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து பிரித்து நம் கைக்குக் கொண்டுவரலாமா என்று இயக்குநர் ஹில்க்யே கேட்டு ஒரு வருஷமாயிற்று. தலையாட்டாதவன் ஒருவன்தான்: என் மச்சான் கெர்பென்.

கால்வாய்க்கரையைக் குடையும் நீரெலிகளைப் பிடிப்பது அவன் வேலை. முன்பெல்லாம் பொந்து கண்ட இடத்தில் வில்லோ மரக் குச்சி ஒன்றை நட்டுவிட்டுப் போவான். பின்னால் ஆட்கள் வந்து மண் போட்டு அடைப்பார்கள். போனில் அந்தக் கம்பெனியின் வரைபடம் வந்ததும் குச்சி போயிற்று. பொந்தை அதில் குறிப்பான், செத்த எலியைப் படமெடுத்துச் சேர்ப்பான், அவ்வளவுதான். “இப்பதான் இதைக் கத்துக்கிட்டேன். நல்லா ஓடுது. ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்?” என்பான். மதியம் ரொட்டியும் சீஸும் தீரும்வரை இதே பாட்டு. எனக்குக் கடுப்பாக வரும்.

நவம்பரில் விடாத மழை. கால்வாய் மாலைக்குள் உச்சத்துக்கு ஏறும் என்றார்கள். அன்று காலை பார்த்துக் கம்பெனிக்காரர்கள் கெர்பெனின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள்; அவன் குறித்த வரைபடமும் அதோடு போயிற்று. விலங்குகளைக் கொடுமைப்படுத்தும் படங்களாம். அவன் வருஷக்கணக்காகச் சேர்த்த எலிகள் ஏதோ ஓர் இயந்திரத்தின் கண்ணில் அன்றுதான் பட்டிருக்கின்றன. முறையிட்டான். பரிசீலிக்கிறோம், பொறுமைக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. ஹில்க்யே கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே இன்னும் பொழுது விடியவில்லை.

அடைக்காத பொந்துகள் எங்கெங்கே என்று அவனைக் கேட்டேன். கரைக்கு நேர் கீழே இருப்பது என் வீடு. அவன் தங்கை, என் மனைவி, உள்ளே இருந்தாள்.

“தெரியலடா,” என்றான். “அதான் குறிச்சாச்சேன்னு மனசுல வச்சுக்கல.”

எல்லாரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கரையில் புல்லை மிதித்து மிதித்துத் தேடினோம். அகப்பட்டதையெல்லாம் மணல் மூட்டையால் அடைத்தோம். ஒன்று தப்பிவிட்டது. பொழுது சாயும்போது அந்த இடத்தில் கரை உட்கார்ந்தது. என் சமையலறையில் இடுப்பளவு தண்ணீர். மாடி ஜன்னல் வழியாகத் தங்கையைப் படகில் இறக்கியவன் கெர்பென்தான். அவள் திட்டியிருந்தாலாவது அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். தவறுக்கு வருந்துகிறார்களாம். வரைபடத்தில் அந்தப் பொந்து என் வீட்டுக்கு நேராகப் பளிச்சென்று தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் ஹில்க்யே வாயைத் திறக்குமுன்பே கெர்பென் தலையாட்டினான். “எனக்குச் சம்மதம். மாத்திடுங்க.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “கம்பெனியோட ஒப்பந்தக் கெடு போன மாசமே முடிஞ்சிடுச்சு, கெர்பென். நீங்க ஒத்துக்கலைன்னு பழையபடியே புதுப்பிச்சுட்டோம். அஞ்சு வருஷத்துக்கு.”

கெர்பென் எழுந்து வெளியே போனான். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வாசல் வில்லோ மரத்தடியில் நின்று குச்சி வெட்டிக்கொண்டிருந்தான்.