ஓடாத முதல் பெட்டி

என் வீட்டுக்காரர் உலார்பெக்கோடு சண்டை போட்டது ஒன்றும் பெரிய விஷயத்துக்கு இல்லை. ஆனாலும் மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு பனியாற்று ஏரிக் காவலுக்குக் கிளம்பிவிட்டார். "டியூட்டி முடிஞ்சு கீழ வர்றப்ப யோசிக்கிறேன் மீரிம், வீட்டுக்கு வரணுமான்னு," என்றார். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது.

பிஷ்கெக் ஆய்வகத்தில் அதே ஏரியைக் கவனிப்பதுதான் என் வேலை. கணினித் திரையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டியாக வைத்துக் கோடுகளால் இணைத்திருப்போம். முதல் பெட்டி மலையிலிருந்து படத்தை எடுத்துவரும். அடுத்தது நீர்மட்டத்தைக் கணக்கிடும். கடைசிப் பெட்டி அன்றைய தேதியைப் போட்டுக் காட்டும். படத்தில் ஓர் அளவுக்கம்பு, பக்கத்தில் என் வீட்டுக்காரர். காலையில் வந்ததும் குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் பார்ப்பேன். இதில் என்ன வெட்கம், ஏங்கிப்போய்க் கிடந்தேன். இன்றைய தேதியோடு நிற்கிறார், அப்படியானால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

பக்கத்து மேசை ஜானிபெக்தான் வம்பை இழுத்தான். வாரம் முழுக்க நீர்மட்டம் ஒரு விரல்கூட ஏறி இறங்கவில்லையாம். "அது ஏரிதானா, இல்ல ஆறிப்போன டீயா அக்கா?" என்றான். உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். தேதியையும் காட்டினேன்.

அவன் விடவில்லை. பெட்டிகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தான். ஓடிய பெட்டி பச்சையாகும். தேதி மாறியதால் கடைசிப் பெட்டி மட்டும் பச்சையானது. முதல் பெட்டி அசையவே இல்லை. மலையிலிருந்து தினமும் படம் ஒரே பெயரில், பழையதை அழித்துவிட்டு வருகிறது. பெயர் மாறாததால், இது தெரிந்ததுதானே என்று பெட்டி தன் நினைவில் வைத்திருந்த படத்தையே நீட்டியிருக்கிறது. கடைசிப் பெட்டியும் அதன்மேல் தினமும் புதுத் தேதியைக் குத்தியிருக்கிறது.

"அது நினைவுல இருக்கறத அழிச்சிட்டு, தினமும் புதுசா ஓடற மாதிரி வச்சிடவா அக்கா?"

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. ஏரி உடைந்தால் கீழே ஊர் இருக்கிறது. "அழி," என்றேன்.

புதுப் படம் வந்தது. தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது, பயப்படும்படி இல்லை. கம்பருகே வேறு யாரோ, குள்ளமாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஆள மாத்திட்டாங்க போல. அப்ப அண்ணன் கீழ வந்து நாளாயிருக்குமே, நீங்க சொல்லவே இல்ல?"

அங்கிருந்து பிஷ்கெக்குக்கு வேனில் ஒரு பகல் பயணம்தான், வருவதாக இருந்தால் எப்போதோ வந்திருப்பார். "வீட்ல தூங்கிட்டிருக்காரு," என்றேன்.

அவன் டீ எடுக்கப் போனதும் பழைய படத்தைத் தேடினேன். மலையில் அது எப்போதோ அழிந்துவிட்டது. அவர் நின்றிருந்த படம் மிச்சமிருந்தது அந்தப் பெட்டியின் நினைவில் மட்டும்தான். அதைத்தான் அழிக்கச் சொல்லியிருந்தேன்.