அடுப்புக்கு மேலே கூரை மட்டும்

நேபாளத்து லலித்பூரின் அந்த மூன்று மாடி வீட்டில் மழை அடுப்பைத் தேடித்தான் வந்தது. அடுப்புக்கு மேல் மனிதர் கால் படக்கூடாது என்பது அங்குள்ள நேவார் மக்களின் வழக்கம். அதனால் சமையலறை உச்சி மாடியில், ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே இருந்தது. அவல் சட்டியில் தண்ணீர் சொட்டியதும் சஜனி அகப்பையைக் கீழே போட்டாள்.

"இந்த வருஷமாவது கூரையை மாத்துவீங்களா, இல்ல குடை பிடிச்சுக்கிட்டே சமைக்கணுமா?"

"மாத்தியாச்சுன்னே வச்சுக்க" என்று அவள் கணவன் திரிரத்னன் பொறியாளர் வரைந்த படத்தை விரித்தான். ஓடுகளைப் பிரித்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் இன்னொரு மாடி. சமையலறை அங்கே போகும். "தெருவுலயே நம்ம வீடுதான் உசரம்!"

"மாமா?"

திரிரத்னனின் அப்பா அஷ்டமானுக்கு முழங்கால் போய்விட்டது. ஏணி போன்ற படிகளில் ஏற முடியாமல் கீழ்த்தளத்திலேயே இருந்தார். சாப்பாடு இறங்கிப் போகும்.

"அதுக்கும் யோசனை இருக்கு. கப்பி வச்சு ஒரு பெட்டி. தட்டு தானா இறங்கிடும். உனக்கும் கால் வலி மிச்சம். இப்பவே பாரு!"

வாளியில் அவலும் மூங்கில்குருத்துக் குழம்பும் வைத்து, ஜன்னல் வழியாக முற்றத்துக்குக் கயிற்றை விட்டான்.

"வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. குழம்பு கூடச் சிந்தல." கீழிருந்து மறுபடி குரல் வந்தது. "டேய், வாளியக் கொஞ்சம் பெருசாப் பண்ணு. நானும் உக்காந்துக்குறேன், மேல இழுத்துடு."

திரிரத்னன் சிரித்தபடி எட்டிப் பார்த்தான். அப்பா சிரிக்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேலே சாப்பிட உட்கார்ந்திருந்த பேத்தியின் குரல் கேட்ட ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கையில் கயிறு அப்படியே நின்றது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சமையலறையக் கீழ கொண்டு போனா என்ன?"

"அடுப்பு மேல மூணு மாடி ஆளுங்க நடக்கவா? சொந்தக்காரங்க காறித் துப்புவாங்க." சொல்லிவிட்டு அவளே ஜன்னலுக்குப் போனாள். "பின்பக்கம் இடம் சும்மாதானே கிடக்கு? வீட்டை ஒட்டி ஒரு அறை இறக்குங்க. மேல மாடி வேணாம், கூரை மட்டும். அப்ப யாரு கால் படப் போகுது?"

"ஆமால்ல!"

"தெருவுலயே உசரமான வீடு?" என்று சீண்டினாள்.

"போகட்டும் போ."

மழைக்காலம் முடிந்ததும் அறை எழுந்தது. சரிவான கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள். குளிர்கால வெயில் நேரே பாய்மேல் விழும். முதல் நாள், மூத்தவர் முதலில் அமரும் சாப்பாட்டு வரிசையில், அப்பா மேலே வராத பல மாதப் பழக்கத்தில் திரிரத்னன் முதல் இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, அது தாத்தா இடம்!" என்றாள் மகள்.

துள்ளி எழுந்தான். அஷ்டமான் காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்னடா, கால்ல நிலைப்படியே தட்டல?"

"வைக்கலப்பா." அவருக்குக் கை கொடுத்து உட்கார வைத்தான். "வீட்டைப் பெருசாக்கணும்னா உசத்தணும்னு நெனச்சுட்டேன். இனி எதைக் கட்டினாலும், வீட்டுல ஏற முடியாதவங்களை நெனச்சுத்தான் முதல் கோடு போடணும்."

"சரிடா, குழம்பு ஆறுது" என்று கிழவர் முதல் கவளத்தை எடுத்தார். அதற்காகவே காத்திருந்த பேத்தி தன் தட்டில் கை வைத்தாள்.