காலையில் வந்த வழி

பஸ்ஸம்மா குனிந்து, தான் ஓட்டும் பள்ளி வண்டியின் முன் டயரை இன்னொரு தடவை பார்த்தாள். காய்ந்த சேறு இருந்தது, ஒரு சருகு ஒட்டியிருந்தது, வேறெதுவும் இல்லை. பம்பரில் கையை ஓட்டினாள். பழைய கீறல்தான், போன மழைக்காலத்தில் பள்ளிக்கூடக் கேட்டில் உரசியது. டயரில் எதைத் தேடுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் பயமாக இருந்தது.

மற்ற டிரைவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கடைசி நீள இருக்கையில் போய் உட்கார்ந்தாள். முன் சீட்டின் முதுகிலிருந்த வலைப்பையில் ஃபோனைச் செருகி நிமிர்த்தினாள். காலடியில் ஒற்றை சாக்ஸ் கிடந்தது. காலில் போட்டுக்கொண்டு வந்ததை இந்தப் பிள்ளைகள் எப்படித்தான் கழற்றி மறந்துவிட்டுப் போகுதுகளோ. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

திரையில் கவுன்சிலிங் மேடம் வந்தாள். வயதில் சின்னவள். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்ட புதிதில், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி சொல்லித்தான் இதில் சேர்ந்தாள் பஸ்ஸம்மா. வீட்டில் பேச வழியில்லை, அதனால் வாரம் ஒரு மதியம் இந்தக் காலி வண்டிதான் இடம். போன வாரம்வரை பேச்சு முழுக்கப் புருஷனைப் பற்றித்தான். சட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, பெற்ற அப்பாவை மட்டும் விட்டுவிட்டுப் போன மனுஷன். "அவன் போனா போறான், நான் என் மருமக கூடத்தான் இருப்பேன்" என்று மாமனாரும் சொல்லிவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

"என்னக்கா, முகமே சரியில்லையே?"

"மேடம், இங்க பேசறது எதுவும் வெளிய போகாதுல்ல?"

"போகாதுக்கா. யார் உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும் நான் சும்மா இருக்க முடியாதுன்னு முதல் நாளே சொன்னேனே."

பஸ்ஸம்மாவின் விரல் தானாகப் போய்த் திரையிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு சாயங்கால ஓட்டத்தை முடித்துவிட்டால், நாளைக்குச் சனிக்கிழமை. எவனுக்குத் தெரியப்போகிறது? பிள்ளைகளெல்லாம் பத்திரமாக இறங்கி, கையாட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டன. பயத்தைத் தவிர என்ன நடந்துவிட்டது? ஆனால் கண்ணை மூடினால் அந்த வழி வந்து நின்றது. வந்து நின்றதா? அதுதான் வரவில்லை. பெட்ரோல் பங்க் பக்கம் திரும்பியது நினைவிருந்தது. அதற்கப்புறம் பள்ளிக்கூடக் கேட். நடுவே ஒரு மேம்பாலம், ஒரு ரயில்வே கேட், ஆஸ்பத்திரி முன்னாலிருக்கும் சிக்னல். ஒன்றுமே இல்லை, துணியால் துடைத்த மாதிரி. அத்தனை தூரமும் முதுகுக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகள் பாடிக்கொண்டும் அடித்துக்கொண்டும் வந்திருக்கின்றன.

ஃபோன் அடித்தது. விட்டுவிட்டாள். மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"கட் ஆயிடுச்சாக்கா, கட் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன்."

"சரி. இப்ப எடுத்துட்டீங்கல்ல."

அதற்குமேல் மேடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாமனாருக்கு இப்போது ராத்திரியும் பகலும் ஒன்றாகிவிட்டது. ஊரடங்கிய பிறகு எழுந்து எல்லா விளக்கையும் போடுகிறார், வேலைக்கு நேரமாச்சு என்று வாசல் கதவைப் பிடித்து உலுக்குகிறார். பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்கிறாள். ராத்திரிக்கு யார்? பஸ்ஸம்மாதான் கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுக்கிறாள். படுக்கிறாள், அவ்வளவுதான். முந்தாநாள் அவளை மிதித்துக்கொண்டு நின்று, "யாருடி நீ, என் வீட்டுல?" என்று கேட்டார். காலை வழியைப் பற்றிச் சொல்லும்போது குரல் இறங்கி, தனக்கே கேட்காமல் போயிற்று.

"தூங்கிட்டனா, முழிச்சுட்டுதான் இருந்தனா, அதுகூடத் தெரியல மேடம். டயரைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். யாரையாவது..." முடிக்கவில்லை.

மேடத்தின் முகத்தில் ஏதோ மாறியது. அவளும் பயந்துவிட்டாள் என்று பஸ்ஸம்மாவுக்குப் புரிந்தது. அதில் என்னவோ ஒரு நிம்மதி, தான் அசட்டுத்தனமாகப் பயப்படவில்லை என்று.

"சாயங்காலம் வண்டிய எடுக்கப் போறீங்களாக்கா?"

"எடுக்காம?"

"எடுக்க முடியாதுன்னா யார்கிட்ட சொல்லணும்?"

"சூப்பர்வைசர்கிட்ட. சொன்னா வேலை போயிடும் மேடம்."

"போகலாம். போகாதுன்னு உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்." திரைக்கு அருகே வந்தாள். "ஃபோன கையிலயே வெச்சுக்கிட்டுப் போங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சூப்பர்வைசரின் அறை, வண்டிகள் நிற்கும் திடலின் மூலையில் இருந்தது. எந்நேரமும் அவர் கழுத்தில் விசில் தொங்கும், வீட்டில் சாப்பாடு கேட்கவும் அதைத்தான் ஊதுவார் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவள் சொன்னதைப் பாதியிலேயே தடுத்தார்.

"தூக்கம் கெட்டுச்சுன்னா எல்லாருக்கும் அப்படித்தாம்மா. இன்னிக்கு ஆள் வேற இல்ல. மூஞ்சியக் கழுவிட்டு சூடா ஒரு டீயப் போடு. திங்கக்கிழமை பேசிக்கலாம்."

சொல்லியாயிற்று, அவரே பரவாயில்லை என்றுவிட்டார். இனி அவள்மேல் என்ன தப்பு? சரி சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் 'சரி'தான் காலையிலிருந்து பட்ட பயத்தையெல்லாம் விடப் பெரிய பயமாக இருந்தது.

"மேம்பாலம் ஏறினது எனக்கு ஞாபகம் இல்ல சார்," என்றாள். "இறங்கினதும் ஞாபகம் இல்ல. பிள்ளைங்க வண்டில இருந்துச்சு."

அவர் டம்ளரை மேசையில் வைத்தார். பிறகு கையை நீட்டினார். சாவியை அந்தக் கையில் வைத்தபோது அவள் விரல்கள் உடனே விடவில்லை.

"மேல சொல்லித்தான் ஆகணும். டாக்டர் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் இது உன் கைக்கு வராது. அப்புறம் அவங்க என்ன முடிவு பண்ணுவாங்களோ, எனக்குத் தெரியாது." குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னிக்கு நானே ஓட்டறேன். புது மூஞ்சியப் பார்த்தா சின்னதுங்க அழும். நீயும் ஏறிக்க."

வெளியே வந்து ஃபோனைக் காதில் வைத்தாள். மேடம் அங்கேயே இருந்தாள். "எல்லாம் கேட்டுச்சுக்கா," என்றாள். "இன்னொருத்தர்கிட்டயும் சொல்லணும்ல?"

புருஷனின் எண்ணைத் தேடி எடுக்க நேரமானது. அவன் "ம்" என்று எடுத்தான்.

"இன்னிக்கு ராத்திரி உங்கப்பாவை நீங்க வந்து பார்த்துக்கணும். என்னால முடியாது."

"திடீர்னு சொன்னா எப்படி?"

"என்னால முடியாது," என்றாள் மறுபடி. இத்தனை வருஷத்தில் அவனிடம் சொல்லாத சொல். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் என்னவென்று கேட்பது கேட்டது. "பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டான். வருவானா மாட்டானா, அந்தச் சொல்லில் ஒன்றும் பிடிபடவில்லை.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறின. விசில்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சத்தம் ஒரு கணம் அடங்கி, பின் இரட்டிப்பாயிற்று. பஸ்ஸம்மா நடுவில் ஒரு சின்ன சீட்டில் முழங்கால் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் பல் விழுந்த ஒரு பெண் குழந்தை.

"நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான்டா கண்ணு."

வண்டி நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் இந்தத் தெருக்களைப் பக்கவாட்டு ஜன்னலில் அவள் பார்த்ததே இல்லை. ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஒரு கிழவர் தெருவைக் கடக்க நடைபாதை விளிம்பில் தயங்கி நின்றார். குழந்தை மெல்ல அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனது.

முனை திரும்பும்போதெல்லாம், பிரேக்கே இல்லாத அந்தத் தகரத் தரையை அவளுடைய வலது கால் அழுத்தி மிதித்துக்கொண்டே வந்தது.