கணக்குத் தீர்த்த வீடு

மலையை விட்டு இறங்கி வந்தபோது மதலேனாளுக்கு ஏழாம் மாதம். அவள் புருஷன் மிக்கேலுக்கு வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். பெரியாற்றில் அணைக்குக் கல் ஏற்றும்போது சங்கிலி நழுவி மற்ற மூன்றையும் நசுக்கிவிட்டது. விரல் போன ஆளுக்கு அங்கே வேலை இல்லை. இருந்த கூலியோடு விரலுக்கென்று கொஞ்சம் பணத்தையும் கையில் கொடுத்து, சாக்கைச் சுருட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

போக்கிடமாக ஒரு வீடு இருந்தது. காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே, ஒரு சின்ன ஊரின் மாதா கோயில் தெருவில், மிக்கேலின் சித்தப்பா பிள்ளையில்லாமல் செத்துப்போயிருந்தார். நிலத்தை அவர் எப்போதோ அடமானத்தில் விட்டிருந்தார். வீடு மட்டும் இவனுக்கு வந்தது. மண்சுவர், கை நுழையும் அளவுக்குப் பொத்தல் விழுந்த கூரை, இரண்டு அடுப்பு, ஒரு விளக்கு மாடம்.

மிக்கேல் அந்த ஊரில்தான் பிறந்தான். ஆனால் தாது வருசப் பஞ்சத்தில் அப்பன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவில்லை. மதலேனாள் பிறந்ததே தோட்டத்துக் குடிசையில். இரண்டு பேருக்கும் ஊர் என்றால் என்னவென்று தெரியாது. கூலி தெரியும், சனிக்கிழமை தெரியும், கங்காணி தெரியும். கங்காணிக்குக் கடன்பட்டவன் மலையை விட்டு இறங்க முடியாது என்பதும் தெரியும். மதலேனாளின் அப்பன் அப்படித்தான் இறங்காமலே காய்ச்சலில் செத்தார். அதனால் ஒருவருக்கும் ஒரு காசு பாக்கி வைக்கக்கூடாது என்பது அவளுக்கு ஜெபத்துக்கு அடுத்தபடியான காரியம்.

குடிவந்த மறுநாள் கொல்லைப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"ஆத்தா, அழுக்கு கெடக்கா?"

ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துப்போன விரல்கள். பெயர் அய்யம்மாள் என்றாள். இந்த வீட்டுக்குத் துணி வெளுப்பது அவள் பங்கு என்றாள்.

"பங்குன்னா?" என்றாள் மதலேனாள்.

"பங்குன்னா பங்குதேன். இந்தத் தெருவுல பாதி வீடு எங்களுக்கு, பாதி என் கொழுந்தனுக்கு. எண்ணெய்க்குச் செக்கடி வீடு. செரைக்க, பிள்ளப்பேறு பாக்க சடச்சி வீடு. அவ புருசன் செரைப்பான், அவ பேறு பாப்பா. சட்டி பானைக்குத் தெக்குத் தெரு. எல்லாம் இந்த வீட்டுக்கு ஏற்கெனவே உள்ளவுகதேன். நீங்க புதுசா யாரையும் தேட வேண்டாம்."

"கூலி எப்படி? துணிக்கு இவ்வளவுன்னா?"

அய்யம்மாள் சிரித்தாள். "துணிய எண்ணியா வெளுப்பாக? தையில களத்துல நெல்லு அளப்பாக. அந்தியில சோறு போடுவாக. உங்க சின்னையா ரெண்டு வருசமா அளக்கல. பாவம், அவருகிட்டயும் இல்ல. எங்க எல்லாருக்குமே அவரு பாக்கிதேன்."

மதலேனாள் விரல் விட்டு எண்ணினாள். வந்த மறுநாளே, தான் தின்னாத சோற்றுக்கு, தான் உடுத்தாத துணிக்கு, நாலு வீட்டில் கடன்.

அன்று முழுக்க அதையே புலம்பிக்கொண்டிருந்தாள். மிக்கேல் சுவரில் சாய்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்காற்று பட்டால் இல்லாத விரல்கள் வலிக்கும் அவனுக்கு.

"குடுத்துரு, போ," என்றான் கடைசியில். "நச்சரிக்காத."

மறுநாள் காலை அவள் வயிற்றைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனாள். தெற்குத் தெருவில் குயவர் பாக்கியைக் கொடுத்தாள். செக்கடியில் கொடுத்தாள். சடச்சி வீட்டில் கொடுத்தாள். விரல்களுக்குப் பதிலாக வந்த பணத்தில் பெரும்பங்கு அதிலேயே போயிற்று. கடைசியாக அய்யம்மாள் வாசல்.

"மொத்தமாவா?" என்றாள் அய்யம்மாள். கை நீளவில்லை.

"மொத்தமா. சின்னையா வச்ச ரெண்டு வருசத்துக்கும். இனி உனக்கும் எங்களுக்கும் ஒரு பாக்கியும் கெடையாது."

அய்யம்மாள் காசைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். காசை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

"சரி ஆத்தா. உங்க இஷ்டம்."

அன்று ராத்திரி மதலேனாள் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த வீட்டில் அவள் அப்படித் தூங்கியது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு கொல்லைப் பக்கம் யாரும் வரவில்லை. அழுக்கு சேர்ந்தது. சோம்பேறி என்று அய்யம்மாளைத் திட்டிக்கொண்டே வாய்க்காலில் தானே துவைத்தாள். குனிந்தால் நிமிர முடியவில்லை. எண்ணெய்க்குப் போனால் செக்கடிக்காரர், "துட்டுக் கொண்டாந்தியா?" என்று கேட்டு, கடைக்கு வந்த வெளியூராருக்கு அளக்கிற சின்ன அளவையில் அளந்தார். மிக்கேல் தாடியோடு அலைந்தான். மலையிலும் அப்படித்தானே இருந்தோம் என்று அவனுக்கு அது உறைக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த பிறகு, இடுப்பில் சின்னதாக ஒரு வலி வந்து போனது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு இருதயம்மாளிடம் போனாள். இருதயம்மாள் புளி உரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

"மதினி, வலி கண்டா சடச்சிக்குச் சொல்லிவிட ஆள் வேணும். உங்க வீட்ல யாராச்சும் போவாகளா?"

"சடச்சியா?" இருதயம்மாள் புளியங்கொட்டையை எறிந்தாள். "அவ எதுக்கு வாரா? நீதேன் அவள நிறுத்திட்டியே."

"நானா? நான் ஒரு காசு பாக்கி இல்லாம குடுத்தேன் மதினி."

"அதத்தேன் சொல்றேன். ஏன்டி, கூறுகெட்டவளா நீ? கணக்கத் தீத்து எப்பக் குடுப்பாக? ஊர விட்டுப் போகையில குடுப்பாக. இல்ல, உன் வேலை பிடிக்கல, இனி வாராதன்னு வெலக்குறப்பக் குடுப்பாக. நீ வந்து மூணாம் நாளே வீடு வீடாப் போயி நாலு பேரையும் வெலக்கிட்டு வந்திருக்க. அணையில சம்பாதிச்ச துட்டு குதிக்குது, இவ கம்பத்துல இருந்து ஆள் வச்சுக்குவா போலன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

மதலேனாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்ல பாக்கி வைக்க மாட்டோம்னுதான்…"

"நான் மூணு வருசப் பாக்கி வச்சிருக்கேன், செக்கடிக்கு. எனக்கு எண்ணெய் வரலயா?"

"காசு குடுத்தா சடச்சி வரமாட்டாளா? வேற மருத்துவச்சி?"

"அடுத்த பங்குக்காரி இந்த வீட்டுப் படி ஏற மாட்டா. ஏறினா அவுகளுக்குள்ள வெட்டுக்குத்து. சடச்சியும் அய்யம்மா அழுக்கு எடுக்காத வீட்டுக்கு வரமாட்டா. பிள்ளப்பேத்துத் துணிய யாரு அலசுவா, அவளா? நீ மொதல்ல அய்யம்மாளப் போயிப் பாரு."

மலையில் மதலேனாளுக்கு இரண்டு பிள்ளை பிறந்தது. முதலாவது வரும்போது கூட இருந்தவள் மண் சுமக்கிற ஒரு பெண். கொடியை எங்கே அறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை; அது தங்கவில்லை. இரண்டாவதுக்கு அவளும் இல்லை. மிக்கேல் வேலைக்குப் போயிருந்தான். அது குறுக்கே விழுந்து, அரை நாள் கிடந்து, நீலமாக வந்தது. தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் படாததால் இரண்டையும் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியேதான் புதைத்தார்கள். மூன்றாவதையும் அப்படிப் புதைக்கத் தன்னால் முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் ஆற்றுத் துறைக்குப் போனாள். முல்லையாறு கலங்கி ஓடியது. அய்யம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று கல்லில் துணியை அறைந்துகொண்டிருந்தாள். கரையில் கழுதை நனைந்து நின்றது.

"அக்கா," என்றாள் மதலேனாள்.

"அக்கான்னு கூப்புடாத. ஒங்க தெருக்காரவுக கேட்டா எனக்குத்தேன் ஏச்சு." அறைவதை நிறுத்தவில்லை. "என்ன ஆத்தா, எதுவும் விட்டுப்போச்சா? ஒரு காசு கூடக் குடுத்துட்டியா?"

"எனக்கு வழக்கம் தெரியல. மலையில பொறந்தவ. தெரியாம செஞ்சுட்டேன்."

"தெரிஞ்சு செஞ்சியோ தெரியாம செஞ்சியோ. மக கலியாணத்துக்கு இந்தத் தெருவுல நாலு வீட்டு வெளுப்புப் பங்க எழுதிக் குடுக்குறதாப் பேச்சு. எங்க சீதனம் அதுதேன். இப்ப மாப்பிள்ளை வீட்ல கேக்குறாக, மூணுதேனாமே, ஒண்ணு கைய விட்டுப் போச்சாமேன்னு. என் கொழுந்தன் சிரிக்குறான். துட்டுக்கு வீட்ட வித்தவன்னு."

"அப்ப ஏன் வாங்குன?"

கல்லில் அறைந்த கை நின்றது. "வீட்டுக்காரரு இருமிக்கிட்டுக் கெடந்தாரு. மருந்துக்கு வாங்குனேன். நீ நீட்டுன, நான் வாங்குனேன். ரெண்டு பேரு மேலயும் குத்தந்தேன்."

மழைத்தூறல் விழுந்தது. இருவரும் ஒதுங்கவில்லை. மதலேனாளுக்குக் கால் வீங்கியிருந்தது. ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

"திரும்பச் சேத்துக்க நான் என்ன செய்யணும்?"

"பாக்கி வச்சுக்கிட்டு இருக்கணும். எல்லா வீடும் அப்படித்தேன் இருக்கு."

"எங்களுக்குக் காடு இல்ல. அவருக்குக் கையும் இல்ல. தையில அளக்க நெல்லு எங்கிட்டு இருந்து வரும்?"

"உங்க சின்னையா மட்டும் எங்கிட்டு இருந்து அளந்தாரு? வாசல்ல போயி நின்னா, சோறு இருந்தாப் போடுவாரு. இல்லாட்டி இல்லம்பாரு. நாளைக்கு வாரேம்பேன். அம்புட்டுத்தேன்." துணியைப் பிழிந்து தோளில் போட்டாள். "போ. ஈரத்துல ஒக்காராத, வயித்துப்பிள்ளக்காரி."

வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அன்று முதல் அந்தியில் மதலேனாள் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தாள். யாரும் வரவில்லை. இருட்டிய பிறகு அதை எடுத்து மூடி, காலையில் மிக்கேலுக்குப் போட்டாள். மழை விடவில்லை. இரண்டு விரலை வைத்துக்கொண்டு அவன் வரப்பு வெட்டப் போனான். பாதி நாள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். தீர்த்துக் கொடுத்தது போக இருந்த காசும் கரைந்தது. கேழ்வரகு பானையின் அடிக்குப் போயிற்று. தனிப் பங்கு எடுத்து வைப்பதை ஒரு நாள் நிறுத்தினாள். அவனுக்கு ஓர் உருண்டை, அவளுக்கு ஓர் உருண்டை. தன் களியைப் பிட்டு வாயில் போட்டிருந்தபோதுதான் குரல் வந்தது.

"ஆத்தா, சோறு!"

அய்யம்மாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் சட்டியோடு நின்றாள்.

மதலேனாள் தன் தட்டைப் பார்த்தாள். எச்சில் பட்டதைப் போட முடியாது. பானையில் இருந்த உருண்டை மிக்கேலுடையது. இல்லை என்று சொன்னால் இவள் நாளைக்கும் வருவாளோ, இல்லை இன்று சோதித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறாளோ. யோசித்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை. உருண்டையை எடுத்துக் கொண்டுபோய்ச் சட்டியில் போட்டாள்.

அய்யம்மாள் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள்.

"உப்பு பத்தல."

"உப்பு இல்ல."

"ம்." உள்ளே எட்டிப் பார்த்தாள். "அழுக்கு கெடக்கா?"

மூலையில் கிடந்ததை எல்லாம் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மிக்கேல் நனைந்து வந்து பானையைத் திறந்தான்.

"களி எங்க?"

"அய்யம்மாளுக்குப் போட்டுட்டேன். எம்பங்குல பாதி இருக்கு. எச்சில். தின்னுங்க."

அவன் வெறும் பானையை ஒரு தடவை சரித்துப் பார்த்தான். பிறகு மூடினான்.

"அப்ப சடச்சி வருவாளாமா?"

"தெரியல. அழுக்க எடுத்துட்டுப் போயிருக்கா."

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான்.

கார்த்திகையில் ஒரு காலை, கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில், வலி பிடித்தது. மிக்கேல் ஓடினான். சடச்சி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாளாம். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த வீட்ல இப்ப அய்யம்மா எடுக்குறாளா?" எடுக்கிறாள் என்றான். முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

கட்டையான கைகள் அவளுக்கு. வயிற்றை அமுக்கிப் பார்த்ததுமே முகம் மாறியது.

"பிள்ள குறுக்க கெடக்கு. ஏய்யா மிக்கேலு, வெளிய போ. நின்னு பாத்து என்ன செய்யப் போற? ஆத்தா, கத்துறதுன்னா கத்திக்கோ, ஆனா முக்காத. நான் சொல்றப்ப முக்கு."

எண்ணெயைத் தடவி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். விட்டு, மறுபடி தள்ளினாள். மதலேனாளுக்கு மலை நினைவு வந்தது, நீலமான முகம் நினைவு வந்தது. அப்புறம் எதுவும் நினைவில் நிற்கவில்லை. சடச்சிக்கு வேர்த்து மூக்கில் சொட்டியது. "அணை கட்டுனவன் புள்ளைல்ல, கல்லு மாதிரி கெடக்கு," என்று திட்டினாள். உச்சிப்பொழுது சாய்ந்தபோது பிள்ளை திரும்பியது. அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

பெண். கறுப்பாக, சுருங்கி, வீறிட்டுக் கத்தியது.

அய்யம்மாள் வந்து வெளுத்த பழந்துணிகளை வாசற்படியில் போட்டுவிட்டுப் போனாள். சடச்சி பிள்ளையைத் துடைத்துச் சுற்றி மதலேனாள் பக்கத்தில் வைத்தாள். கையைக் கழுவினாள்.

மிக்கேல் உள்ளே வந்தான். பிள்ளையைப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இடுப்புச் சுருக்குப் பையைத் தடவி, முந்தின நாள் வரப்புக் கூலியாக வந்த ஓரணாவை இரண்டு விரலால் எடுத்துச் சடச்சியிடம் நீட்டினான்.

"இந்தா. வச்சுக்க."

சடச்சியின் கண் அதன் மேல் போயிற்று. அவள் வீட்டிலும் அடுப்பு எரியாத நாள்தான். ஈரக்கை பாதி எழுந்தது.

"வைங்க," என்றாள் மதலேனாள் பாயிலிருந்து. குரல் வெளியே வரவில்லை, மறுபடி சொன்னாள். "உள்ள வைங்க. குடுத்துராதீக."

மிக்கேல் விழித்தான். "நம்ம பிள்ளையக் காப்பாத்திருக்கா…"

"குடுத்துராதீகன்னேன்."

சடச்சி கையை முந்தியில் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா எரிச்சலா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள்.

"தையில ரெண்டு மரக்கா நெல்லு. பொட்டப்பிள்ளன்னு கொறைக்க மாட்டேன்."

"சரி."

"எங்கிட்டு இருந்து அளப்ப?"

"தெரியல."

"ம். எல்லாவளும் அதத்தேன் சொல்லுறா." சடச்சி வெற்றிலைப் பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அந்தியில் மழை கொஞ்சம் விட்டது. அய்யம்மாள் வந்து பேத்துத் துணிகளை மூட்டை கட்டினாள். தலையில் வைத்துக்கொண்டு, சட்டியை நீட்டி வாசலில் நின்றாள்.

"சோறு இருக்கா?"

மிக்கேல் பானையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னைக்கு இல்ல, அய்யம்மா," என்றான்.

"சரி. நாளைக்கு வாரேன்."

மூட்டையோடு அவள் ஆற்றுப் பக்கம் நடந்தாள். மதலேனாள் பிள்ளையை மார்பில் சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். தையில் அறுப்புக்குப் போக வேண்டும். பிள்ளையை வரப்பில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.