பீக்கன் மரங்களுக்கு ஆட்டு மருந்து

என் கணவர் கிரெசென்சியோ இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய தம்பி அன்செல்மோ, ஏப்ரல் முடிவதற்குள் நாற்பது பீக்கன் கொட்டை மரங்களையும் பிடுங்கிவிட்டுப் பருத்தி போட வேண்டும் என்றான். நிலத்தில் பாதி அவனுடையது. ஏப்ரல் கடைசி நாள்வரை பொறுக்கச் சொல்லி வாக்கு வாங்கினேன்.

ரியோ கிராண்டே ஆறு கொண்டுவந்து சேர்த்த ஆழமான வண்டல் மண் எங்களுடையது. வாய்க்கால் தண்ணீர், நீண்ட வெயில்காலம், மரம் உறங்கப் போதுமான குளிர் என்று பீக்கனுக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. ஆனாலும் எட்டு வருடமாக இலைகள் சிறுத்துக் கொத்தாகச் சுருண்டன. கிளை நுனிகள் காய்ந்தன. கொட்டகையை ஒட்டிய ஒரு மரம் மட்டும் செழித்தது. அதன் அடியில் கோழிகள் அடைவதுதான் காரணம் என்று நம்பி, என் கணவர் மற்றவற்றுக்கும் கோழி எரு போட்டார். அவை இன்னும் மோசமாயின.

மார்ச் மாதக் கடைசியில் அபூர்வமாக மழை பெய்தது. துத்தநாகம் பூசிய கொட்டகைக் கூரையிலிருந்து தண்ணீர் அந்த மரத்தின் மேலேயே வடிந்ததைப் பார்த்தேன். காரணம் எரு இல்லை, கூரையிலிருந்து கரைந்து வரும் துத்தநாகம்.

ஆடுகளின் குளம்பு அழுகலுக்கு நாங்கள் வைத்திருந்த வெள்ளை உப்பும் துத்தநாகம்தான், மூட்டையிலேயே எழுதியிருந்தது. தளிர் விரிந்ததும் அதை நீர்க்கக் கரைத்து, சுண்ணாம்பு அடிக்கும் பம்பால் தெளித்தேன்.

அன்செல்மோ வேலியில் சாய்ந்து சிரித்தான். "மரத்துக்குக் குளம்பு முளைச்சிருச்சா அண்ணி?"

"முளைச்சா முதல் உதை உனக்குத்தான். தள்ளி நில்லு."

ஏப்ரல் கடைசி நாள் டிராக்டரோடு வந்தான். வரிசை முழுக்கப் புது இலைகள் அகலமாக, கரும்பச்சையாக விரிந்திருந்தன. கோடியில் ஒரு மரம் மட்டும் பழையபடி சுருண்டு நின்றது. அவன் இன்ஜினை அணைத்தான்.

"இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"உப்பு தீந்துபோச்சு."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஒரு மூட்டை வாங்கிட்டு வரட்டுமா?"

"ரெண்டா வாங்கு."

மூன்றாம் வருட நவம்பரில் நீளக் கழியால் கிளைகளை அடித்தேன். கொட்டைகள் மழையாகக் கொட்டின.

"போதும் அண்ணி, மண்டை வீங்குது!" என்று அன்செல்மோ ஓடினான்.

நான் கிரெசென்சியோவின் பெயரை உரக்கச் சொல்லி இன்னொரு அடி அடித்தேன்.